சிக்னல் முழுதாக இருந்தும் நெட் நகராதபோது: கைபேசி அலைக்கற்றைக் குறுக்கீட்டை அறிகுறி வழியாகக் கண்டறிதல்

நெட் வரவில்லை என்ற ஒரே புகாரின் பின்னால் முற்றிலும் வேறான இரண்டு கோளாறுகள் இருக்கின்றன. ஒன்று, டவரின் அலை நம்மிடம் வந்து சேர்வதற்குள் நலிந்துவிடுவது. மற்றொன்று, அலை போதிய வலிமையுடன் வந்து சேர்ந்தும், அதே அலைவரிசையிலோ அதை ஒட்டிய அலைவரிசையிலோ வேறொன்று இரைந்துகொண்டிருப்பதால் கருவியால் தனக்குரியதைப் பிரித்தெடுக்க முடியாமல் போவது. முதலாவதில் அலையின் வலிமையைக் கூட்டினால் தீர்வு கிடைக்கலாம். இரண்டாவதில் வலிமையைக் கூட்டுவது பெரும்பாலும் நிலைமையை மேலும் கெடுக்கும். அங்கே வடிகட்டுவது, விலக்கி வைப்பது, இரைச்சலின் மூலத்தை அணைப்பது ஆகியவையே பயன் தரும். இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் ஆளாளுக்கு பூஸ்டர் (அலையைப் பெருக்கும் கருவி) வாங்கி மாட்டுவதால்தான் ஒரு வீட்டின் குறை ஒரு தெருவின் குறையாக மாறுகிறது. பாதிக்கப்படுவது எப்போதும் கைபேசியாகவே இருக்கும் என்பதும் இல்லை. கேபிள் டிவி ஹெட்எண்டின் (சேனல்களை எடுத்து வீடுகளுக்கு அனுப்பும் நிலையத்தின்) டிஷ், வீட்டு செட் டாப் பாக்ஸ், கல்யாண மண்டபத்தின் கார்ட்லெஸ் மைக் ஆகியவையும் கைபேசி அலைவரிசைகளுக்குப் பக்கத்திலேயே குடியிருப்பவை.

முதலில் அளவிட வேண்டியவை

திரையின் மூலையில் தெரியும் கோடுகளை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். அவை அலையின் வலிமையை மட்டும் ஏறத்தாழக் காட்டுகின்றன. அதன் தெளிவைப் பற்றிப் பெரும்பாலும் எதுவும் சொல்வதில்லை. ஆண்ட்ராய்டு கைபேசிகளில் *#*#4636#*#* என்று அழுத்தினாலும், ஐஃபோனில் *3001#12345#* என்று அழுத்தி அழைத்தாலும், உள்ளிருக்கும் அளவீட்டுத் திரை திறக்கும். அது திறக்காத மாடல்களில் நெட்மான்ஸ்டர் போன்ற செயலி போதும். அங்கே பார்க்க வேண்டிய எண்கள் இரண்டு. ஆர்.எஸ்.ஆர்.பி. என்பது வந்து சேரும் அலையின் வலிமை, −80 டி.பி.எம். (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபெல் அளவு, பூஜ்யத்தை நெருங்க நெருங்க வலிமை கூடுதல்) அளவில் இருந்தால் நன்று, −100 நடுத்தரம், −110ஐத் தாண்டினால் நலிவு, −120க்கு அருகில் தொடர்பே அறுந்துவிடும். எஸ்.ஐ.என்.ஆர். என்பது அலைக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம். 20 டெசிபெல்லுக்கு மேல் மிக நன்று, 10க்கு மேல் பரவாயில்லை, பூஜ்யத்துக்குக் கீழே போனால் அலையைவிட இரைச்சல் ஓங்கி நிற்கிறது என்று பொருள். எந்த அலைவரிசையில் கருவி நிற்கிறது என்பதையும், செல் எண்ணையும் (டவரின் எந்தப் பகுதியுடன் கருவி இணைந்திருக்கிறது என்பதற்கான அடையாள எண், உங்கள் கைபேசி எண் அன்று) கூடவே குறித்துக்கொள்ளுங்கள். இந்தக் குறிப்பை வீட்டின் நடு அறை, ஜன்னலோரம், மொட்டை மாடி ஆகிய மூன்று இடங்களிலும், காலை, நண்பகல், இரவு என மூன்று வேளைகளிலும் எடுத்தால், பின்வரும் பகுதிகளில் எது உங்களுக்கு உரியது என்பது தானாகத் தெளிவாகும்.

இந்தியாவில் கைபேசிச் சேவை பரவியிருக்கும் அலைவரிசைகளையும் மனதில் வைத்துக்கொள்வது உதவும். 850 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் கைபேசி 824 முதல் 844 வரை அனுப்புகிறது, டவர் 869 முதல் 889 வரை அனுப்புகிறது. 900இல் கைபேசிக்கு 890–915, டவருக்கு 935–960. 1800இல் கைபேசிக்கு 1710–1785, டவருக்கு 1805–1880. 2300–2400 அலைவரிசையில் கைபேசியும் டவரும் ஒரே அலைவரிசையை நேரம் பிரித்து மாறி மாறிப் பயன்படுத்துகின்றன. 2022 ஏலத்தில் 5ஜிக்காக விற்கப்பட்ட 3300–3670க்கும் அதே முறைதான். அதே ஏலத்தில் விற்பனையான 700இல் கைபேசிக்கு 703–748, டவருக்கு 758–803. கைபேசி அனுப்பும் திசையை அப்லிங்க் என்றும் டவர் அனுப்பும் திசையை டவுன்லிங்க் என்றும் இனிக் குறிப்பிடுகிறேன்.

அறிகுறி: மாடியில் நன்றாக வருகிறது, உள்ளறையில் வரவில்லை

மாடியில் ஆர்.எஸ்.ஆர்.பி. −85, உள்ளே −115, இரு இடங்களிலும் எஸ்.ஐ.என்.ஆர். வலிமையோடு சேர்ந்தே ஏறி இறங்குகிறது என்றால் இது குறுக்கீடு அன்று, வெறும் எட்டாக்குறை. 3500 மெகாஹெர்ட்ஸ் அலை, 700 மெகாஹெர்ட்ஸ் அலையைவிட, தடையற்ற வெளியிலேயே அதே தொலைவில் ஏறத்தாழ 14 டெசிபெல் கூடுதலாக நலிகிறது. கான்கிரீட் சுவரும் கம்பி வலையும் உலோகப் பூச்சுள்ள கண்ணாடியும் அந்த இடைவெளியை இன்னும் அகலமாக்குகின்றன. எனவே உள்ளறையில் 5ஜி வந்து வந்து போகும்போது கைபேசியை 4ஜியில் நிறுத்திப் பாருங்கள். வீட்டில் கம்பிவழி இணைப்பு இருந்தால் வைஃபை அழைப்பை இயக்குங்கள். இதற்குமேல் இதில் ஆராய எதுவும் இல்லை.

அறிகுறி: ஆர்.எஸ்.ஆர்.பி. −80, ஆனால் பக்கம் திறக்க மறுக்கிறது

எஸ்.ஐ.என்.ஆர். 15க்கு மேல் இருந்தும் வேகம் இல்லையென்றால், டவரில் நெரிசல் மிகுந்திருக்கிறது. விடியற்காலை ஐந்து மணிக்கு வேகச் சோதனை செய்து பார்த்தால் இது உறுதியாகிவிடும். எஸ்.ஐ.என்.ஆர். 3, 0, −4 என்று கிடந்தால் மட்டும் மேற்கொண்டு தேட வேண்டும்.

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பத்தாவது மாடியில் இருப்பவருக்குத் தரைத்தளத்தில் இருப்பவரைவிட மோசமான இணையம் கிடைப்பது பலருக்குப் புதிராக இருக்கிறது. அந்த உயரத்திலிருந்து ஒரே நிறுவனத்தின் ஐந்தாறு டவர்கள் தடையின்றித் தெரிகின்றன, எல்லாம் ஏறத்தாழச் சம வலிமையுடன் ஒரே அலைவரிசையில் வருகின்றன. ஒன்றுக்கு மற்றவை இரைச்சலாகிவிடுகின்றன. செல் எண் சில நொடிகளுக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருப்பது இதன் தெளிவான அடையாளம். ஜன்னலை விட்டு விலகி, ஒரே ஒரு டவரின் திசை மட்டும் திறந்திருக்கும் அறைக்குள் போனால் வலிமை குறைந்து வேகம் கூடும். நிரந்தரத் தீர்வு, ஆன்டெனாக்களின் சாய்வைச் சேவை நிறுவனம் திருத்துவதில்தான் இருக்கிறது.

கைபேசியை ஹாட்ஸ்பாட்டாக வைத்திருக்கும்போது மட்டும் தடுமாற்றம் வந்தால், குறுக்கீடு கைபேசிக்குள்ளேயே நிகழ்கிறது. 2300–2400 அலைவரிசை முடிந்த இடத்துக்கு மிக அருகிலேயே, 2401இல், வைஃபையின் முதல் சேனல் தொடங்குகிறது. ஒரு ஆன்டெனா அனுப்பும்போது அதற்குச் சில சென்டிமீட்டர் தள்ளியிருக்கும் இன்னொன்று கேட்க முயல்கிறது. ஹாட்ஸ்பாட்டை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால் இது உடனே தீரும். சிம் போட்ட ரவுட்டர்களில் அது முடியாவிட்டால் 11ஆம் சேனலுக்குத் தள்ளி வையுங்கள். மடிக்கணினியில் செருகிய டாங்கிளுக்குப் பக்கத்தில் யூ.எஸ்.பி. 3.0 ஹார்டு டிஸ்க் இருந்தாலும் இதே தொல்லை நேரும். அந்த இணைப்பின் ஐந்து கிகாபிட் தரவோட்டம் 2.4 கிகாஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் இரைச்சலைக் கசியவிடுகிறது. ஒரு அடி நீட்டிப்பு வயரில் டாங்கிளைத் தள்ளி வைத்தாலே பலமுறை சரியாகிவிடும்.

5ஜி என்று காட்டும்போது வேகம் குறைந்து, 5ஜியை அணைத்து 4ஜிக்கு வந்ததும் கூடுகிறதென்றால், 4ஜியைத் துணைக்கு வைத்துக்கொண்டு இயங்கும் 5ஜி வகையில் ஒரு தனிச் சிக்கல் இருக்கலாம். கைபேசி 1710–1785இல் அனுப்புவதன் இரட்டிப்பு 3420–3570. அதாவது தன் 4ஜி அலையின் எதிரொலி, தானே கேட்டுக்கொண்டிருக்கும் 5ஜி அலைவரிசைக்குள் விழுகிறது. டவருக்குத் தொலைவில், கைபேசி முழு வலிமையுடன் அனுப்பும் இடங்களில்தான் இது தலைதூக்கும். அந்த இடத்தில் 4ஜியிலேயே இருப்பது நல்லது.

அறிகுறி: எதிர்முனைப் பேச்சு கேட்கிறது, நம் பேச்சு போய்ச் சேரவில்லை

வீடியோ ஓடும், புகைப்படம் ஏறாது. கைபேசி சூடாகும், பேட்டரி அரைநாளில் தீரும். அளவீட்டுத் திரையில் இரண்டு எண்களும் நன்றாகவே இருக்கும். இது அப்லிங்க் குறுக்கீடு. இரைச்சல் டவரின் காதில் விழுகிறதே தவிர உங்கள் கைபேசியின் காதில் விழுவதில்லை, அதனால் உங்கள் திரை அதைக் காட்டாது. கைபேசியின் உச்ச வலிமை 23 டி.பி.எம்., அதாவது 200 மில்லிவாட். அந்தச் சிறு குரல் டவரின் இரைச்சல் தளத்துக்கு (எப்போதும் இருக்கும் அடிப்படை இரைச்சலுக்கு) மேல் கேட்டாக வேண்டும். அந்தத் தளம் ஒரு பங்கீட்டு அலகான 180 கிலோஹெர்ட்ஸுக்கு இயற்கையாகவே −121 டி.பி.எம். என்ற மிகத் தாழ்ந்த நிலையில் இருப்பதால்தான் கைபேசி நெட்வொர்க்கே சாத்தியமாகிறது. அதே நிறுவனத்தின் சிம் வைத்திருக்கும் அக்கம்பக்கத்தாரிடம் கேளுங்கள். அவர்களுக்கும் இதே தொல்லை இருந்தால், மூலத்தைத் தேடும் வேலை தொடங்குகிறது.

பெரும்பாலும் முதலில் ஐயப்பட வேண்டியது, யாரோ மாட்டியிருக்கும் அனுமதியற்ற பூஸ்டர். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியில் கட்டிய, மீன்முள் போன்ற யாகி ஆன்டெனாவோ வெள்ளைத் தட்டையான பெட்டியோ டவரை நோக்கி நிற்கும். அதிலிருந்து கறுப்பு வயர் இறங்கிக் கடைக்குள்ளோ, கீழ்த்தள அலுவலகத்துக்குள்ளோ போகும். இது செய்யும் கேட்டை ஒரு கணக்கில் பார்த்துவிடலாம். 70 டெசிபெல் பெருக்கமும் 6 டெசிபெல் உள்ளிரைச்சலும் கொண்ட ஒரு மலிவு பூஸ்டர், யாரும் பேசாதபோதுகூட, −121இல் இருக்கும் இயற்கை இரைச்சலை −45 டி.பி.எம். ஆக்கி டவரை நோக்கி அனுப்புகிறது. 200 மீட்டர் தொலைவில் நேராகத் தெரியும் டவருக்கு 900 மெகாஹெர்ட்ஸில் வழியிழப்பு ஏறத்தாழ 77 டெசிபெல். யாகிக்கு 10, டவர் ஆன்டெனாவுக்கு 15 என்று ஆன்டெனாக்கள் ஒரு திசையில் குவித்துத் தரும் ஈட்டத்தைக் கழித்தால் நிகர இழப்பு 52தான். ஆக −97 டி.பி.எம். அளவில் டவரை அடைகிறது, இயற்கைத் தளத்துக்கு 24 டெசிபெல் மேலே. இருநூறு மடங்குக்கும் மேற்பட்ட இரைச்சல், ஒரு கடைக்காரருக்கு நான்கு கோடு கிடைப்பதற்காக! உள் ஆன்டெனாவும் வெளி ஆன்டெனாவும் போதிய இடைவெளி இல்லாமல் மாட்டப்பட்டிருந்தால், மைக்கை ஸ்பீக்கர் அருகே வைத்ததுபோல் கருவி தானே ஊளையிடத் தொடங்கும். அப்போது டவரின் அந்தச் செல்லே (அந்தப் பகுதிக்கான சேவையே) செயலிழந்துவிடும்.

மின்வெட்டு நேரம் இங்கே நல்ல சோதனை. தெருவில் கரண்ட் போனதும், பேட்டரியில் ஓடும் டவர் தொடர்ந்து இயங்க, அப்லோடு திடீரென்று சீராகிறதென்றால் மூலம் அந்த மின்தடத்தில்தான் இருக்கிறது. பூஸ்டர் வைத்திருப்பவர் பெரும்பாலும் தீய நோக்கத்தில் வைத்திருப்பதில்லை. சட்டப்படி உரிமம் இல்லாமல் அதை வைத்திருப்பதோ விற்பதோ கூடாது என்பதே அவருக்குச் சொல்லப்பட்டிருக்காது. 1933ஆம் ஆண்டு வயர்லெஸ் தந்திச் சட்டக் காலம் தொட்டே இத்தகைய கருவிகளுக்கு அனுமதி தேவை. 2022 ஜூலையில் தொலைத்தொடர்புத் துறை இதைப் பொது அறிவிப்பாகவே வெளியிட்டது. எனவே முதலில் நயமாகப் பேசி அணைக்கச் சொல்லுங்கள். அவருடைய இடத்தில் உண்மையாகவே எட்டாக்குறை இருந்தால், அவர் சேவை நிறுவனத்திடமே முறையான உட்புற வசதி கேட்கலாம். இணையத்தில் இக்கருவிகளை எந்த எச்சரிக்கையும் இல்லாமல் விற்பவர்கள்மீதுதான் கோபம் வர வேண்டும்.

பூஸ்டர் எதுவும் கண்ணில் படவில்லையென்றால் அடுத்து இரண்டு காரணங்கள், இரண்டுமே 900 மெகாஹெர்ட்ஸுக்கு உரியவை. ஒன்று அலைவரிசை அமைப்பிலேயே இருக்கிறது. 850இன் டவர்கள் 889 வரை உரக்க அனுப்ப, 900இன் டவர்கள் 890இலிருந்து கூர்ந்து கேட்கின்றன. நடுவே ஒரே ஒரு மெகாஹெர்ட்ஸ். ஒரே கட்டடத்தின் மாடியில் இரு நிறுவனங்களின் ஆன்டெனாக்கள் நேருக்கு நேர் நின்றால், அனுப்புபவர் பக்கத்தில் கூரிய வடிகட்டி இல்லாமல் கேட்பவரால் தப்ப முடியாது. மற்றொன்று துரு. டவரின் 935 மெகாஹெர்ட்ஸும் 960 மெகாஹெர்ட்ஸும் தளர்ந்த கவ்வியிலோ துருப்பிடித்த தகரக் கூரையிலோ பட்டுக் கலந்தால், முதலாவதன் இரட்டிப்பிலிருந்து இரண்டாவதைக் கழித்த 910இல் ஒரு புதிய அலை பிறக்கிறது. அது நேராக அப்லிங்கில் போய் விழுகிறது. கடலோர ஊர்களில் உப்புக் காற்று இதை விரைவாக வளர்க்கும். டவர் நிற்கும் கட்டடத்தின் உரிமையாளர், ஆன்டெனாக்களுக்கு முன்னால் பழைய தகரம், அறுந்த கம்பி, பயனற்ற டிஷ் எதையும் போட்டுவைக்காமல் இருப்பதே பெரிய உதவி.

கடலோரத்தில் இன்னொன்றும் உண்டு. காற்று அடங்கிய வைகறையிலும் வெப்பம் தணியாத முன்னிரவிலும் கடலின் மேல் ஈரக்காற்றும் வறண்ட காற்றும் அடுக்காக நின்றால், அலைகள் அடிவானத்தைத் தாண்டி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடும். நேரம் பிரித்து இயங்கும் 2300, 3300 அலைவரிசைகளில் ‘அனுப்புதல் முடிந்தது, இனிக் கேட்கலாம்’ என்பதற்கு நடுவே விடப்படும் காவல் இடைவெளி 143 மைக்ரோ நொடி என்றால், அது ஏறத்தாழ 43 கிலோமீட்டர் தாமதத்தை மட்டுமே தாங்கும். அதற்கப்பால் உள்ள டவர்களின் டவுன்லிங்க் பிந்தி வந்து இங்குள்ள டவர்களின் அப்லிங்கை மூழ்கடிக்கும். கடலூரிலோ சென்னையிலோ வழக்கமாக வராத இலங்கை எஃப்.எம். நிலையங்கள் அந்த வேளையில் தெளிவாகக் கேட்கின்றன என்றால், எஃப்.எம். அலையையே ஏந்தும் அளவுக்கு அந்த அடுக்கு தடித்திருக்கிறது என்று அறியலாம். கைபேசியை 900 அல்லது 1800இல் நிற்கும்படி செய்தால் நீங்கள் தப்பிக்கலாம். வெயில் ஏறியதும் எல்லோருக்கும் சரியாகும்.

அறிகுறி: ஹெட்எண்ட் டிஷ்ஷில் சேனல்கள் கட்டம் கட்டமாக உடைகின்றன

கேபிள் நிறுவனங்கள் இன்டெல்சாட் 20, ஜிசாட்-30 போன்ற செயற்கைக்கோள்களிலிருந்து சேனல்களை எடுப்பது 3700–4200 மெகாஹெர்ட்ஸில். 5ஜி 3670இல் முடிகிறது. இடையே 30 மெகாஹெர்ட்ஸ்தான் இருக்கிறது. அலைக்கற்றை அட்டவணையில் இது போதுமானதாகத் தெரியலாம். ஆனால் சந்தையில் நெடுங்காலமாக விற்ற எல்.என்.பி.கள் (டிஷ்ஷின் குவியத்தில் அலையைப் பெருக்கி, தாழ்ந்த அலைவரிசைக்கு மாற்றும் கருவிகள்) பலவும் 3400இலிருந்தே வாய் திறந்து வைத்திருப்பவை. 36,000 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வரும் நுண்ணலையை அறுபது டெசிபெல்லுக்கு உயர்த்தவென்று செய்யப்பட்ட அந்தக் கருவிக்குள், சில நூறு மீட்டரில் நிற்கும் 5ஜி டவரின் அலையும் சேர்ந்தே நுழைகிறது. உள்ளிருக்கும் பெருக்கி திணறிப்போய் எல்லாவற்றையும் குலைத்துவிடுகிறது.

குறை சொல்லும் முன் வேறு இரண்டை விலக்குங்கள். மார்ச் நடுவிலும் செப்டம்பர் இறுதியை ஒட்டியும் சில நாட்கள், நாள்தோறும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் சில நிமிடங்கள் மட்டும் உடைந்தால் அது செயற்கைக்கோளுக்குப் பின்னால் சூரியன் வருவதால் நேர்வது. ஒரே ஒரு டிரான்ஸ்பாண்டர் (செயற்கைக்கோளில் ஒரு தொகுதிச் சேனல்களை அனுப்பும் பகுதி) நாள் முழுதும் சீராகக் கெட்டிருந்தால் டிஷ்ஷின் திசையையோ எல்.என்.பி.யின் சுழற்சிக் கோணத்தையோ பாருங்கள். மாறாக, இரவு ஏழு மணிக்கு மேல் ஜனங்கள் 5ஜியில் படம் பார்க்கும் நேரத்தில் உடைவு கூடி, நள்ளிரவுக்குப் பின் தணிந்தால், அப்போது 5ஜியை ஐயப்படலாம்.

அடுத்த கேள்வி முக்கியமானது: எந்தெந்த டிரான்ஸ்பாண்டர்கள் உடைகின்றன? 3720இல் இருப்பதும் 4150இல் இருப்பதும் ஒன்றாக உடைகின்றன என்றால் எல்.என்.பி. திணறுகிறது. 3700ஐ ஒட்டியவை மட்டும் உடைந்து மேலே உள்ளவை நலமாக இருந்தால், டவரின் அலை தன் எல்லையைத் தாண்டி உங்கள் அலைவரிசைக்குள்ளேயே சிந்துகிறது. ஸ்பெக்ட்ரம் அனலைசர் (எந்த அலைவரிசையில் எவ்வளவு வலிமை என்று திரையில் காட்டும் கருவி) இருந்தால் இன்னும் உறுதியாகச் சொல்லலாம். எல்.என்.பி. 5150இலிருந்து கழித்து அனுப்புவதால் 3700 மெகாஹெர்ட்ஸ் 1450ஆகத் தெரியும், 5ஜி அதற்கு மேலே 1480இலிருந்து அகன்ற மேடாக எழுந்து நிற்கும். இந்த இரண்டையும் பிரித்தறியாமல் வடிகட்டி வாங்குவது வீண் செலவு. முதல் வகைக்கு வடிகட்டி மருந்து. இரண்டாவது வகைக்கு உங்கள் பக்கம் எந்த வடிகட்டியும் பயன்படாது, ஏனெனில் இரைச்சல் இருப்பது உங்களுக்கு வேண்டிய அதே அலைவரிசையில். அதைச் சேவை நிறுவனம்தான் டவரில் திருத்த வேண்டும்.

வடிகட்டியை ஃபீட்ஹார்னுக்கும் (டிஷ் குவிக்கும் அலையை வாங்கும் குழல் வாய்க்கும்) எல்.என்.பி.க்கும் நடுவே பொருத்த வேண்டும், வயரில், எல்.என்.பி.க்குப் பிறகு பொருத்தினால் பயனில்லை, திணறல் அதற்குள் நடந்து முடிந்துவிடும். எல்.என்.பி.யைக் கழற்றும் முன் அதன் கோணத்தை மார்க்கரால் கோடு போட்டு வையுங்கள். விளிம்பின் பள்ளத்தில் ரப்பர் வளையம் முழுதாக உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் சுற்றித் தடவிப் பாருங்கள். ஓரிடத்தில் பிதுங்கியிருந்தால் முதல் மழையிலேயே நீர் புகும். திருகாணிகளை எதிரெதிராக, சிறிது சிறிதாக முறுக்குங்கள். ஒரு எச்சரிக்கை: வடிகட்டியின் அரை டெசிபெல் இழப்பு சிறிதாகத் தோன்றினாலும், அது ஏறத்தாழ 35 கெல்வின் இரைச்சலைச் சேர்க்கிறது. 20 கெல்வின் எல்.என்.பி. வைத்திருப்பவருக்கு இது பெரிய சுமை. ஏற்கெனவே சிறிய டிஷ்ஷில் நூலிழையில் ஓடிக்கொண்டிருக்கும் சேனல்கள், வடிகட்டி போட்டதும் குறுக்கீடு நீங்கியும் உடைந்தே நிற்கலாம். அங்கே பெரிய டிஷ்ஷோ, 3700க்குக் கீழே தானே அடைத்துக்கொள்ளும் புதுவகை எல்.என்.பி.யோ தேவை.

தமிழ்நாட்டுக்கு ஒரு நல்வாய்ப்பு இருக்கிறது. சென்னையிலிருந்து 83 பாகைச் செயற்கைக்கோளை (ஜிசாட்-30) பார்க்கும் டிஷ் ஏறத்தாழ 74 பாகை உயரத்தை நோக்குகிறது, 68.5 பாகையில் உள்ளதற்கு (இன்டெல்சாட் 20) ஏறத்தாழ 69. டிஷ் வானத்தின் உச்சியைப் பார்த்திருக்க, 5ஜி அலை பக்கவாட்டிலிருந்துதான் நுழைகிறது. ஆகவே டவர் இருக்கும் பக்கத்தில் டிஷ்ஷின் விளிம்பைவிட உயரமாக, தரையோடு இணைத்த உலோக வலை ஒன்றை நிறுத்தினாலே, வானத்தை மறைக்காமல் பெருமளவு அலையைத் தடுக்கலாம். மாடியிலிருக்கும் டிஷ்ஷைக் கட்டடத்தின் மறைவில் தரைக்கு இறக்குவதும் அப்படியே. இயல்பவர்கள் இதையே முதலில் செய்து பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. இதில் டெசிபெல் எதையும் இழக்க வேண்டியதில்லை.

அறிகுறி: ஒரே வீட்டில் மட்டும் சில சேனல்கள் உடைகின்றன

ஹெட்எண்டும் பக்கத்து வீடும் நலமாயிருக்க, இந்த வீட்டில் மட்டும் சில சேனல்கள் கட்டம் கட்டினால், கேபிளுக்குள் கைபேசி அலை புகுகிறது. செட் டாப் பாக்ஸ் 862 மெகாஹெர்ட்ஸ் வரை எடுக்கிறது. 758–803இல் டவரும், 824–844இல் கைபேசியும் காற்றில் அனுப்புகின்றன. வயரின் உறை முழுதாக இருக்கும்வரை இரண்டும் சந்திப்பதில்லை. பல்லால் உரித்து முறுக்கிய இணைப்பு, பாதி நுழைந்த கனெக்டர், டிவிக்குப் பின்னால் தொங்கும் மலிவு ஸ்ப்ளிட்டர் ஆகியவையே வாசல்கள். கைபேசியை பாக்ஸின்மேல் வைத்து அழைப்பு போடும்போது உடைவு கூடினால் ஐயம் தீர்ந்தது. கனெக்டர்களை அழுத்திப் பொருத்தும் வகையாக மாற்றுங்கள். பயன்படுத்தாத ஸ்ப்ளிட்டர் வாய்க்கு 75 ஓம் மூடி போடுங்கள். இதே ஓட்டை வழியாகக் கேபிளின் அலை வெளியே கசிந்து 703–748இல் டவரின் காதையும் கெடுக்கிறது என்பதால், கேபிள்காரர் இதை வாடிக்கையாளரின் தனிக்குறையாக ஒதுக்கிவிடக் கூடாது.

அறிகுறி: மண்டபத்தில் மைக் கரகரக்கிறது

முகூர்த்த நேரத்தில், கூட்டம் நிறைந்ததும், கார்ட்லெஸ் மைக் கரகரத்து அறுந்தால் பேட்டரியை மாற்றும் முன் அதன் அடியில் ஒட்டியிருக்கும் அலைவரிசை எண்ணைப் படியுங்கள். 700களில் எண் போட்ட மைக்குகள் இன்று 703–748, 758–803 அலைவரிசைகளின் நடுவில் நிற்கின்றன. கூட்டத்தினரின் கைபேசிகளும் அருகிலுள்ள டவரும் அவற்றை அமுக்கிவிடும். சேனல் மாற்ற முடிந்தால் 750ஐ ஒட்டிய குறுகிய இடைவெளிக்குப் போகலாம், ஆனால் அது தற்காலிகம். அமெரிக்காவில் 2010இலேயே 700இலிருந்து மைக்குகளை வெளியேற்றினார்கள், 2020 ஜூலையில் 600இன் பெரும்பகுதியிலிருந்தும் வெளியேற்றினார்கள். ஒலி அமைப்பாளர்கள் புதிதாக வாங்கும்போது 500களில் இயங்கும் மைக்குகளைக் கேட்டு வாங்குவதே நல்லது.

கோளாறு அல்லாதவை

மீனம்பாக்கம் ஓடுபாதையை ஒட்டிய தெருக்களில் 3300 அலைவரிசை 5ஜி கிடைக்காதிருப்பது வேண்டுமென்றே செய்யப்பட்ட ஏற்பாடு. விமானங்கள் தரையிலிருந்து தம் உயரத்தை அறியும் கருவி 4200–4400இல் இயங்குவதால், 2022 நவம்பரில் தொலைத்தொடர்புத் துறை ஓடுபாதை முனைகளிலிருந்து 2100 மீட்டர், நடுக்கோட்டிலிருந்து 910 மீட்டர் எல்லைக்குள் அந்த அலைவரிசை டவர்களை வைக்க வேண்டாம் என்றது. அங்கே 700இலோ 4ஜியிலோ இருப்பதைத் தவிர வழியில்லை. தனுஷ்கோடியில் கைபேசி இலங்கை நெட்வொர்க்கைப் பிடித்தால், அதாவது நெட்வொர்க் குறியீடு 404, 405க்குப் பதிலாக 413 என்று தொடங்கினால், ரோமிங்கை அணைத்து நெட்வொர்க்கைக் கையால் தேர்ந்தெடுங்கள்.

புகாரில் எழுத வேண்டியவை

அப்லிங்க் குறுக்கீட்டையும் எல்லை தாண்டிய சிந்தலையும் வீட்டிலிருந்து சரிசெய்ய இயலாது. சேவை நிறுவனத்தின் 198 எண்ணில் புகார் பதியும்போது ‘சிக்னல் இல்லை’ என்று சொன்னால், எட்டாக்குறை என்று வகைப்படுத்தி, கவரேஜ் வரைபடத்தைப் பார்த்து, வலிமை போதுமானது என்று மூடிவிடுவார்கள். மாறாக, அலைவரிசை, செல் எண், ஆர்.எஸ்.ஆர்.பி., எஸ்.ஐ.என்.ஆர்., அப்லோடு வேகம், தொல்லை தொடங்கும் மற்றும் முடியும் நேரம், அண்டை வீட்டாருக்கும் இருக்கிறதா என்பது, மின்வெட்டில் மாறுகிறதா என்பது ஆகியவற்றைக் கொடுத்து, ‘அப்லிங்க் இரைச்சல் அளவைச் சரிபார்க்கவும்’ என்று அதே சொற்களில் கேளுங்கள். அந்த அளவு அவர்களுடைய கணினியில் மணிதோறும் பதிவாகிக்கொண்டே இருக்கிறது, பார்த்தால் போதும். புகார் எண்ணை வாங்குங்கள். தீராமல் மூடப்பட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டுக்கும், அதன் பிறகு ஒன்றிய அரசின் பொதுக் குறைதீர் தளம் வழியாகத் தொலைத்தொடர்புத் துறைக்கும் போகலாம். மூலத்தைக் களத்தில் தேடிப் பிடிக்கும் திசைகாட்டிக் கருவிகளும் அதிகாரமும் அத்துறையின் வயர்லெஸ் கண்காணிப்பு அமைப்பிடம் இருக்கின்றன. ஹெட்எண்ட் நடத்துபவர்கள் அனலைசர் திரையின் படத்தை, வடிகட்டி போடுவதற்கு முன்னும் பின்னுமாக இரண்டாக, தேதியும் நேரமும் தெரியும்படி இணைத்து அனுப்ப வேண்டும். இரண்டாவது படத்தில் 3700க்கு மேல் மேடு அப்படியே இருந்தால், அது டவர் பக்கத்தில் திருத்த வேண்டியது என்பதற்கு வேறு சான்று தேவைப்படாது.